சேமிப்பகத்தின் தரவு முழுமைத் தகவலைப் பயன்பாடுகளுக்குக் கடத்தும் இயங்குதள இடைமுகங்கள்: லினக்ஸை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சேமிப்பகத்தில் எழுதப்படும் தரவு எவ்வித அறிவிப்புமின்றித் திரிந்துபோவதுண்டு. அத்திரிபைக் கண்டறிவதற்கான தகவலை வட்டுகளும் கட்டுப்படுத்திகளும் தரவோடு சேர்த்தே சுமக்க வல்லவை. லினக்ஸ் கெர்னல் அத்தகவலை 2008ஆம் ஆண்டிலேயே கையாளத் தொடங்கியது. எனினும் பயன்பாட்டு நிரல்கள் அதனைப் பொது இடைமுகம் ஒன்றின் வழியாக அனுப்பவும் பெறவும் 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளிக்குக் கணக்கீட்டின் கடினத்தைவிட இடைமுகத்தின் பொருள்வரையறையே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தரவின் சான்று பயன்பாட்டிலிருந்து வட்டுக்கு இறங்கும் வழி இன்று ஓரளவு செம்மையாகியுள்ளது; பிழையின் விவரம் வட்டிலிருந்து பயன்பாட்டுக்கு ஏறும் வழி இன்னும் குறுகலாகவே உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: தரவு முழுமை, இயங்குதளம், இடைமுகம், சரிபார்ப்புத் தொகை, லினக்ஸ், கோப்பு முறைமை, தரவுத்தளம்.

1. முன்னுரை

ஒருங்குறியில் 'ர' என்னும் எழுத்தின் குறியெண் 0பிபி0. 'ற' என்பதன் குறியெண் 0பிபி1. யூடிஎஃப்-8 முறையில் இவ்விரண்டும் மும்மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. முதல் இரண்டு பைட்டுகளும் இரண்டுக்கும் பொதுவானவை. மூன்றாம் பைட்டின் கடைசி பிட் ஒன்றில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. 'ல', 'ள' ஆகிய இணைக்கும் இதுவே நிலை. ஆகவே வட்டிலோ நினைவகத்திலோ ஒரு பிட் புரண்டால் 'கரை' என்பது 'கறை' ஆகலாம். 'அரம்' 'அறம்' ஆகலாம். 'வலி' 'வளி' ஆகலாம். கோப்பு திறக்கும், குறியேற்றம் பிழையற்றதாகவே இருக்கும், எழுத்துப் பிழைதிருத்தியும் தடை சொல்லாது. ஒரு மின்னூலகம் அந்தக் கோப்பை ஆண்டுதோறும் படியெடுத்துவந்தால் திரிந்த வடிவமே எல்லாப் படிகளிலும் நிலைபெறும். ஓலைச்சுவடியில் நேர்ந்த பிழையை வேறு சுவடிகளோடு ஒப்பிட்டுப் பாட வேறுபாடாகப் பதிப்பாசிரியரால் காட்ட இயலும். எல்லாப் படிகளும் ஒரே திரிந்த மூலத்திலிருந்து வந்திருந்தால் ஒப்பிட ஏதுமில்லை.

இவ்வகைத் திரிபு ஓசையின்றி நிகழ்வதால் 'ஓசையற்ற திரிபு' என இங்குக் குறிக்கப்படுகிறது. இது கற்பனையான அச்சமன்று. லட்சுமி பைரவசுந்தரமும் அவருடைய குழுவினரும் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, 15.3 இலட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கண்காணித்த பதிவுகளை ஆராய்ந்தது. சரிபார்ப்புத் தொகை பொருந்தாத நிகழ்வுகள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவை அதில் காணப்பட்டன. பயன்பாட்டுக்கு வந்த முதல் 17 மாதங்களில் சாட்டா வகை வட்டுகளுள் 0.66 விழுக்காடும், உயர்தர ஃபைபர் சேனல் வட்டுகளுள் 0.06 விழுக்காடும் குறைந்தது ஒருமுறையேனும் இத்தகைய பிழைக்கு உள்ளாயின.

தரவு எழுதப்பட்டபோது இருந்தவாறே, எழுதப்பட வேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்னும் உறுதியையே 'தரவு முழுமை' என்னும் சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது. இவ்வுறுதிக்கான சான்றைப் பயன்பாட்டு நிரலுக்கும் வட்டுக்கும் இடையே இயங்குதளம் எவ்வாறு கடத்த வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

2. வட்டு சுமக்கும் சான்று

ஸ்கஸி தரங்களை வகுக்கும் டி10 குழு, ஒவ்வொரு தரவுத் தொகுதியோடும் 8 பைட்டுகளைச் சேர்த்துச் சேமிக்கும் முறையொன்றை வரையறுத்தது. 512 பைட் கொண்ட செக்டர் இதனால் 520 பைட்டாகிறது. 4096 பைட் தொகுதிகளில் இக்கூடுதல் ஏறத்தாழ 0.2 விழுக்காடு மட்டுமே. இந்த 8 பைட்டுகள் மூன்று பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன.

முதலாவது, 2 பைட் காவல் குறி. இது தரவின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் 16 பிட் சிஆர்சி மதிப்பு. மேலே கூறிய 'ர', 'ற' மாற்றம் போன்ற ஒற்றைப் பிட் திரிபு எதுவும் இதற்குத் தப்பாது. இரண்டாவது, 2 பைட் பயன்பாட்டுக் குறி. தரவின் உரிமையாளர் தம் தேவைக்கேற்ப இதில் எதனையும் இடலாம். மூன்றாவது, 4 பைட் இடக் குறி. முதல் வகைப் பாதுகாப்பில் இது தொகுதியின் வட்டு முகவரியின் கீழ் 32 பிட்டுகளைக் கொண்டிருக்கும்.

காவல் குறி 'என்ன எழுதப்பட்டது' என்பதற்குச் சான்று. இடக் குறி 'எங்கே எழுதப்பட வேண்டும்' என்பதற்குச் சான்று. நல்ல தரவு தவறான முகவரிக்குச் சென்றால் காவல் குறி பொருந்தும், இடக் குறி பொருந்தாது. இவ்விரு பிழைகளும் தன்மையில் வேறானவை. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதியில் முதன்மை பெறும்.

இம்முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. வட்டு ஓர் எழுத்துக் கட்டளையை ஏற்றதாக அறிவித்துவிட்டு உண்மையில் எழுதாமல் விட்டால், பழைய தரவும் அதற்குப் பொருத்தமான பழைய குறிகளும் அவ்விடத்திலேயே இருக்கும். எல்லாச் சோதனைகளும் பொருந்தும். சரிபார்ப்புத் தொகையைத் தரவோடு வைக்காமல், அத்தரவைச் சுட்டும் மேல்நிலைத் தொகுதியில் வைக்கும் இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளால் இக்குறையைக் கண்டறிய இயலும்.

பின்னர் என்விஎம்இ தரமும் இதே அமைப்பை ஏற்றது. 2021இல் வெளியான அதன் 2.0 பதிப்பு, 32 பிட், 64 பிட் காவல் குறிகளைக் கொண்ட 16 பைட் வடிவங்களையும் சேர்த்தது. ஆகவே 'தரவு முழுமைத் தகவல்' என்பது ஒரே வடிவம் கொண்டதன்று. கருவிக்குக் கருவி மாறுவது.

3. சான்றை யார் கணிப்பது?

காவல் குறி எவ்வளவு வலிமையானதாயினும், அது கணிக்கப்பட்ட கணத்திலிருந்து மட்டுமே தரவைக் காக்கும். கணிப்பதற்கு முன்பே நினைவகத்தில் 'கரை' 'கறை'யாகியிருந்தால், 'கறை'க்கே குறி கணிக்கப்படும். அதன் பின்னர் அப்பிழை மிகக் கவனமாகப் பாதுகாக்கப்படும்.

இவ்வுண்மை சேமிப்பகத் துறைக்கு வெளியே முன்னரே உணரப்பட்டது. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட 'முனைக்கு முனை' வாதக் கட்டுரை எம்ஐடி நிறுவனத்தில் நேர்ந்த நிகழ்வொன்றைக் குறிப்பிடுகிறது. அங்கிருந்த வலையமைப்பில் ஒவ்வொரு தாவலிலும் பொட்டலங்கள் சரிபார்க்கப்பட்டன. எனினும் இடைவழிக் கணினி ஒன்று, உள்வரும் பஃபரிலிருந்து வெளிச்செல்லும் பஃபருக்குப் படியெடுக்கும்போது ஏறத்தாழ பத்து இலட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரு பைட்டுகளை இடம்மாற்றி வைத்தது. தாவல்களில் பிழை தென்படவில்லை. தாவல்களுக்கு இடையே தரவு கெட்டது. இயங்குதளம் ஒன்றின் மூல நிரல்கள் இவ்வாறு சிதைந்தன. பழைய அச்சுப்படிகளோடு கையால் ஒப்பிட்டே அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது.

சேமிப்பகத்திலும் இதே நிலைதான். டி10 வரையறை கட்டுப்படுத்திக்கும் வட்டுக்கும் இடையிலான வழியை மட்டுமே காத்தது. கணினியின் நினைவகத்துக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே குறிகளைத் தனிப் பஃபரில் கடத்தும் நீட்சியொன்று பின்னர் வகுக்கப்பட்டது. ஆரக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் பீட்டர்சன் இதற்கான லினக்ஸ் கட்டமைப்பை உருவாக்கினார். 2008 அக்டோபரில் வெளியான 2.6.27 பதிப்பில் அது இடம்பெற்றது. மேலடுக்குகள் குறிகளைத் தராதபோது, எழுதும் வேளையில் கெர்னலின் தொகுதி அடுக்கே அவற்றைக் கணித்துச் சேர்க்கும். படிக்கும் வேளையில் அதுவே சரிபார்க்கும்.

இதனால் பாதுகாப்பின் தொடக்கம் கட்டுப்படுத்தியிலிருந்து கெர்னலின் கீழடுக்குக்கு உயர்ந்தது. எனினும் பயன்பாட்டின் நினைவகம், பேஜ் கேச் எனப்படும் கெர்னலின் பக்கத் தேக்கம், கோப்பு முறைமை ஆகியவை இன்னும் பாதுகாப்புக்கு வெளியேதான் இருந்தன. இசட்எஃப்எஸ் குறித்து 2010இல் வெளியான ஆய்வொன்று, வட்டில் நேரும் திரிபுகளை அம்முறைமை திறம்பட எதிர்கொண்டாலும் நினைவகத்தில் நேரும் திரிபுகளுக்கு எளிதில் ஆட்படுகிறது எனக் காட்டியது. சான்றைக் கணிக்க வேண்டியவர் தரவைப் படைத்தவரே, அதாவது பயன்பாடே, என்னும் முடிவுக்கு இவை நம்மை இட்டுச்செல்கின்றன.

தரவுத்தளங்கள் தமக்கெனச் சரிபார்ப்புத் தொகைகளை ஏற்கெனவே வைத்துள்ளனவே என்னும் ஐயம் எழலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2013இல் வந்த 9.3 பதிப்பு முதல் தன் 8 கிலோபைட் பக்கங்களுக்கு 16 பிட் சரிபார்ப்புத் தொகையைக் கணிக்க வல்லது. 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் அது இயல்பிருப்பாகவே ஆக்கப்பட்டது. பக்க எண்ணும் அக்கணக்கில் சேர்க்கப்படுவதால் இடம் மாறிய பக்கமும் பிடிபடும். ஆயினும் அத்தொகை படிக்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது. எழுதிப் பல மாதங்கள் கழித்துப் படிக்கும்போது, நல்ல நிலையை மீட்டெடுக்க உதவும் பதிவுகளும் காப்புப்படிகளும் காலாவதியாகியிருக்கக்கூடும். டி10 முறையில் கட்டுப்படுத்தியும் வட்டும் எழுதும் கணத்திலேயே குறிகளைச் சோதித்துக் கட்டளையை மறுக்க இயலும். நல்ல தரவு பயன்பாட்டின் கையில் இன்னும் இருக்கும்போதே பிழை தெரிய வருவதே இதன் தனிப்பயன்.

4. இறங்கு வழியின் சிக்கல்கள்

பயன்பாடே குறிகளைக் கணித்து அனுப்பட்டும் எனக் கூறுவது எளிது. அதனை இடைமுகமாக வகுக்கும்போது நான்கு சிக்கல்கள் எழுகின்றன.

4.1 முகவரி: இடக் குறி வட்டு முகவரியைக் கொண்டது. பயன்பாடு அறிந்ததோ கோப்பின் பெயரும் அதனுள் உள்ள தொலைவும் மட்டுமே. கோப்பின் எந்தப் பகுதி எந்த வட்டில் எந்த முகவரியில் அமையும் என்பதைக் கோப்பு முறைமையும், பிரிவினைகளும், ரெய்டு அடுக்குகளும் தீர்மானிக்கின்றன. எழுதும் வேளையில் அம்முகவரி முடிவாகாமலும் இருக்கலாம்.

4.2 அளவு: பயன்பாடுகள் பைட் கணக்கில் படிக்கின்றன, எழுதுகின்றன. குறிகள் 512 அல்லது 4096 பைட் கொண்ட முழுத் தொகுதிகளுக்கே உரியவை. ஒரு தொகுதியின் நடுவே 100 பைட்டுகளை மாற்றினால் முழுத் தொகுதிக்குமான குறி செல்லாததாகிவிடும். பக்கத் தேக்கம் இடையில் இருக்கும்போது ஒரே பக்கத்தை இரு பயன்பாடுகள் மாற்றக்கூடும். அப்போது யார் அளித்த குறி செல்லும் என்பதற்கு விடையில்லை.

4.3 நிலைத்தன்மை: குறி கணிக்கப்பட்ட பின்னர், வட்டுக்குச் சென்றுகொண்டிருக்கும் பஃபரின் உள்ளடக்கம் மாறக் கூடாது. வழக்கமான முறையில், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தையும் பயன்பாடு மாற்றலாம்; மாற்றம் அடுத்த சுற்றில் எழுதப்படும். குறிகள் உள்ளபோது இதே செயல் பிழையாக வெளிப்படும். லினக்ஸ் 2011இல் 3.0 பதிப்பில் 'நிலைப் பக்கங்கள்' என்னும் முறையைக் கொண்டுவந்து, எழுத்து முடியும்வரை பக்கத்தை மாற்ற முயலும் நிரலைக் காத்திருக்க வைத்தது. இதனால் தாமதம் மிகுந்ததாக முறையீடுகள் எழுந்தன. 2013இல் 3.9 பதிப்பில், நிலைத்தன்மை தேவைப்படும் கருவிகளுக்கு மட்டும் இக்காத்திருப்பு வரையறுக்கப்பட்டது.

4.4 வடிவம்: காவல் குறியின் நீளமும் கணிப்பு முறையும் கருவிக்குக் கருவி வேறுபடுகின்றன. கருவியின் வடிவத்தை அப்படியே பயன்பாட்டிடம் கேட்டால், பயன்பாடு அக்கருவிக்குக் கட்டுப்பட்டுவிடும். வடிவத்தை முழுவதும் மறைத்தால், இடையில் ஒருவர் மாற்றிக் கணிக்க வேண்டிவரும்.

இறுதியாகக் கூறிய மாற்றிக் கணித்தலில் வரிசைமுறை இன்றியமையாதது. ஓரடுக்கு, பழைய சரிபார்ப்புத் தொகையைச் சோதித்துவிட்டுப் பின்னர் புதியதைக் கணித்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் நேரும் திரிபு எவர் கண்ணிலும் படாது. மாறாக, முதலில் புதியதைக் கணித்து, அதன் பின்னர் பழையதைச் சோதித்தால், இரு பாதுகாப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமையும். இடையில் எப்போது திரிபு நேர்ந்தாலும் இரண்டில் ஒன்று அதைப் பிடிக்கும். எம்ஐடி நிகழ்வில் இல்லாதுபோனது இந்தப் படிவே ஆகும்.

5. ஐஓ-யூரிங் அளித்த விடை

பயன்பாட்டிலிருந்து குறிகளைக் கடத்த லினக்ஸில் பல முயற்சிகள் நடந்தன. ஒத்திசைவற்ற உள்ளீட்டு வெளியீட்டு முறையை நீட்டித்து இதனைச் செய்யும் முன்மொழிவு 2014இல் விவாதிக்கப்பட்டது. ஆனால் கெர்னலில் இணைக்கப்படவில்லை. என்விஎம்இ கட்டளைகளை நேரடியாகக் கருவிக்கு அனுப்பும் வழி தனியே இருந்தது. அவ்வழியில் குறிகளை அனுப்பலாம். ஆனால் பயன்பாடு கோப்பு முறைமையையும் தொகுதி அடுக்கையும் துறந்து, கருவியோடு அதன் மொழியிலேயே பேச வேண்டும்.

2019இல் 5.1 பதிப்பில் அறிமுகமான ஐஓ-யூரிங், பயன்பாடும் கெர்னலும் பகிர்ந்துகொள்ளும் இரு வளைய வரிசைகளால் ஆனது. ஒன்றில் பயன்பாடு கோரிக்கைகளை இடும்; மற்றொன்றில் கெர்னல் முடிவுகளை இடும். 2025இல் 6.14 பதிப்பில், கோரிக்கையோடு 'பண்புகள்' எனப்படும் கூடுதல் விவரங்களை இணைக்கும் வசதி இதில் சேர்ந்தது. முதற்பண்பாக அமைந்ததே தரவு முழுமைத் தகவல். அப்பண்பு 32 பைட் கொண்ட ஒரு கட்டமைப்பு. குறிகள் உள்ள பஃபரின் முகவரி, அதன் நீளம், பயன்பாட்டுக் குறி, சோதனைக் கொடிகள், 'வித்து' எனப்படும் 64 பிட் தொடக்க எண் ஆகியவை அதில் உள்ளன. மேலே கூறிய நான்கு சிக்கல்களையும் இவ்வமைப்பு எவ்வாறு அணுகுகிறது என்பதை இனிக் காணலாம்.

முகவரிச் சிக்கலுக்கு விடை வித்து. பயன்பாடு வட்டு முகவரியை அறிய வேண்டியதில்லை. தனக்கு உகந்த எண்ணொன்றை வித்தாக எடுத்து, தொகுதிதோறும் ஒன்று கூட்டி இடக் குறிகளை இடுகிறது. கோரிக்கை கீழடுக்கை அடைந்து உண்மை முகவரி தெரிந்ததும், ஒவ்வோர் இடக் குறியும் எதிர்பார்த்த எண்ணோடு ஒத்திருந்தால் மட்டும் கெர்னல் அதனை உண்மை முகவரியாக மாற்றுகிறது. ஒத்திராவிடில் மாற்றாமல் விட்டுவிடுகிறது. வட்டே அதனை மறுக்கும். காவல் குறி தரவிலிருந்து மட்டுமே கணிக்கப்படுவதால் இம்மாற்றம் அதனைத் தொடுவதில்லை. ஆகவே உள்ளடக்கத்துக்குப் பயன்பாடு அளித்த சான்று கெர்னலின் கைபடாமலேயே வட்டை அடைகிறது. இவ்விடைமுகத்தின் சிறந்த கூறு இதுவே எனலாம்.

அளவுச் சிக்கலும் நிலைத்தன்மைச் சிக்கலும் வரம்பிடுதலால் கையாளப்பட்டுள்ளன. வசதி அறிமுகமானபோது, பக்கத் தேக்கத்தைத் தவிர்த்துத் தொகுதிக் கருவிகளை நேரடியாக அணுகும் கோரிக்கைகளுக்கே அது வழங்கப்பட்டது. அங்குக் கோரிக்கைகள் முழுத் தொகுதிகளாகவே அமைகின்றன. பஃபர் பயன்பாட்டுக்கே உரியதாதலால் அதனை மாற்றாதிருக்கும் பொறுப்பும் பயன்பாட்டையே சாரும். எந்தக் குறிகளைச் சோதிக்க வேண்டும் என்பதைக் கோரிக்கைதோறும் கொடிகளால் தேர்ந்தெடுக்கலாம்.

வடிவச் சிக்கலுக்கு, மறைப்பதற்கு மாறாகக் கேட்டறியும் வழி தெரிவு செய்யப்பட்டது. கருவி எத்தனை பைட்டுக்கு ஒரு குறியை வைக்கிறது, காவல் குறி எவ்வகையைச் சார்ந்தது, ஒவ்வொரு பகுதியின் நீளம் யாது என்பவற்றைத் தெரிவிக்கும் அழைப்பொன்றும் அதே ஆண்டில் கெர்னலில் சேர்ந்தது. பயன்பாடு முதலில் கேட்டறிந்து, அதன்பின் உரிய வடிவில் கணிக்கலாம்.

6. ஏறு வழியின் குறுக்கம்

சான்று இறங்கும் வழி இவ்வாறு சீர்பெற்ற நிலையில், சான்று பொருந்தாதபோது பயன்பாட்டுக்குத் தெரிவிக்கப்படுவது யாது என்பது அடுத்த வினா.

யூனிக்ஸ் மரபில் படித்தல், எழுதுதல் ஆகிய அழைப்புகளின் தோல்வி ஒற்றை எண்ணாலேயே அறிவிக்கப்படுகிறது. வட்டு கெட்டதும், கம்பி கழன்றதும், சரிபார்ப்புத் தொகை பொருந்தாததும் பெரும்பாலும் 'உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை' என்னும் ஒரே சொல்லாகப் பயன்பாட்டை அடைகின்றன. இக்குறுக்கம் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு 2018இல் வெளிப்பட்ட போஸ்ட்கிரெஸ்கியூஎல் சிக்கல் தக்க சான்று. எழுதியவை வட்டை அடைந்தனவா என உறுதிசெய்யும் எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை பிழை காட்டினால், மீண்டும் அழைத்துப் பார்க்கலாம் என அத்தரவுத்தளம் கருதியிருந்தது. லினக்ஸிலோ, எழுத இயலாத பக்கம் 'எழுதப்பட்டது' போலவே குறிக்கப்பட்டது. இரண்டாம் அழைப்பு வெற்றி என்றது. தரவோ வட்டில் இல்லை. கெர்னலுக்குத் தெரிந்த உண்மை, இடைமுகத்தின் பொருள் தெளிவின்மையால் பயன்பாட்டை அடையவில்லை. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்கள் முதல், எஃப்சிங்க் தோல்வியுற்றால் தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீளத் தொடங்குகிறது.

தரவு முழுமைப் பிழைக்கு லினக்ஸ் தனியான எண்ணொன்றை ஒதுக்கியுள்ளது என்பது முன்னேற்றமே. ஆயினும் அதன் நுண்மை போதுமானதன்று. காவல் குறி பொருந்தவில்லை, பயன்பாட்டுக் குறி பொருந்தவில்லை, இடக் குறி பொருந்தவில்லை என மூன்று தனித்தனிப் பிழைநிலைகளை என்விஎம்இ கருவி கெர்னலிடம் தெரிவிக்கிறது. கெர்னலின் இயக்கி அம்மூன்றையும் 'பாதுகாப்புப் பிழை' என்னும் ஒரே நிலையாக இணைத்து மேலே அனுப்புகிறது. எந்தத் தொகுதியில் பிழை என்பதும் முடிவு வரிசையில் இடம்பெறுவதில்லை. பல தொகுதிகளைக் கொண்ட கோரிக்கையில் ஒன்று பிழைத்தாலும் பயன்பாடு பெறுவது ஒரேயோர் எண்தான்.

இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று. எழுதும்போது காவல் குறி பொருந்தவில்லை எனில், தரவு நினைவகத்திலோ வழியிலோ திரிந்துள்ளது. பயன்பாடு மூலத்திலிருந்து பஃபரை மீண்டும் உருவாக்கி அனுப்பினால் பெரும்பாலும் போதும். இடக் குறி பொருந்தவில்லை எனில், முகவரிக் கணக்கிலேயே தவறு உள்ளது. மீண்டும் மீண்டும் எழுதுவது வேறொருவரின் தரவை அழிக்கும் முயற்சியாக முடியலாம். அங்கு நிறுத்துவதே அறிவுடைமை. படிக்கும்போது காவல் குறி பொருந்தவில்லை எனில், வேறு படியிலிருந்து படிப்பது தீர்வாகும். ஒரே எண்ணைப் பெறும் பயன்பாடு இம்மூன்றுள் எதனைத் தேர்வது? மிகக் கடுமையானதைத் தேர்ந்தால் சேவை தேவையின்றி நிற்கும். மிக எளியதைத் தேர்ந்தால் தரவு அழியும்.

படியைத் தேர்ந்து படிக்கும் வசதிக்கு விண்டோஸில் முன்மாதிரி உள்ளது. கண்ணாடிப் படிகள் கொண்ட தொகுப்புகளில், குறிப்பிட்ட எண்ணுள்ள படியிலிருந்தே படிக்குமாறு கோப்பின் கைப்பிடியைக் குறிக்கவும், நல்ல படியைக் கொண்டு கெட்ட படியைச் சீராக்கக் கோரவும் அங்குக் கட்டுப்பாட்டு அழைப்புகள் உள்ளன. எது சரியான படி என்பதைப் பயன்பாடே தன் சரிபார்ப்புத் தொகையால் முடிவு செய்யலாம். லினக்ஸின் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவை இச்சீராக்கத்தைத் தாமே செய்துவிடுகின்றன. அது வசதியானதே. ஆனால் அவற்றின் சரிபார்ப்புத் தொகை கணிக்கப்படுவதற்கு முன்பே நேர்ந்த திரிபை அவற்றால் அறிய இயலாது. பயன்பாட்டால் அறிய இயலும்.

7. வடிவமைப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து, இத்தகைய இடைமுகத்துக்கு ஐந்து நெறிகளைப் பெறலாம்.

அ) உள்ளடக்கத்துக்கான சான்றைத் தரவைப் படைத்தவரே கணிக்க வேண்டும், இடைப்பட்ட எந்த அடுக்கும் அதனைத் திருத்தி எழுதக் கூடாது.

ஆ) இடத்துக்கான சான்று, ஒவ்வோர் அடுக்கும் அறிந்த முகவரி முறையில் கூறப்பட வேண்டும், எதிர்பார்த்த மதிப்போடு ஒத்தால் மட்டுமே அடுக்குகள் அதனை மொழிபெயர்க்க வேண்டும்.

இ) ஒரு சரிபார்ப்பு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, புதியதைக் கணித்த பின்னரே பழையதைச் சோதித்து விடுவிக்க வேண்டும்.

ஈ) கருவியின் திறனையும் வடிவத்தையும் பயன்பாடு கேட்டறிய இயல வேண்டும், சோதனைகளைக் கோரிக்கைதோறும் தேர்ந்தெடுக்க இயல வேண்டும்.

உ) பிழை அறிவிப்பு, எந்தச் சான்று பொருந்தவில்லை, எத்தொகுதியில், எவ்வடுக்கில் என்னும் மூன்றையும் சுமக்க வேண்டும். கீழடுக்கு அறிந்த வேறுபாட்டை மேலடுக்கு அழிக்கக் கூடாது.

லினக்ஸின் இன்றைய இடைமுகம் முதல் இரண்டு நெறிகளையும் நான்காம் நெறியையும் பெரிதும் நிறைவேற்றுகிறது. மூன்றாவது, பயன்பாட்டை எழுதுவோரின் ஒழுக்கத்தைச் சார்ந்தது. ஐந்தாவது நிறைவேறவில்லை. ஐஓ-யூரிங்கில் கோரிக்கைக்குப் பண்புகள் இணைக்கப்படுவதுபோல, பயன்பாடு அளிக்கும் ஒரு சிறு பஃபரில் பிழையின் வகையையும் முதற்பிழைத் தொகுதியின் எண்ணையும் கெர்னல் நிரப்பித் தரலாம். முடிவு வரிசையின் அமைப்பை இதற்காக மாற்ற வேண்டியதில்லை. பழைய பயன்பாடுகளும் பாதிக்கப்படா. கருவி ஏற்கெனவே கூறும் செய்தியை இழக்காமல் கடத்துவதே இங்கு வேண்டப்படுவது.

8. முடிவுரை

தரவு முழுமைக்கான கணக்கீடு நெடுநாளாகவே கைவசம் இருந்தது. அதனைப் பயன்பாட்டிடம் சேர்க்க 2008 முதல் 2025 வரை காலம் தேவைப்பட்டதற்குக் காரணம், கோப்பு என்னும் கருத்தும் வட்டுத் தொகுதி என்னும் கருத்தும் வேறு வேறு அளவைகளால் ஆனவை என்பதே. வித்து முறை அவ்விரண்டுக்கும் இடையே பாலமாக அமைந்தது. அப்பாலத்தில் செய்தி ஒரு திசையில் மட்டுமே முழுமையாகச் செல்கிறது. எதிர்த்திசையில், மூன்று வேறுபட்ட உண்மைகள் ஒரே எண்ணாகச் சுருங்குகின்றன.

'கரை' 'கறை'யானதைக் கண்டறிவது பாதிப் பணி. அது எங்கே, எவ்வாறு ஆனது என்பதைத் திருத்த வல்லவரிடம் உரிய நேரத்தில் கூறுவது மீதிப் பணி. திருத்த வல்லவர் பெரும்பாலும் பயன்பாடே. ஏனெனில் தரவின் பொருளை அறிந்தது அது மட்டுமே. கோப்பு முறைமைகளுக்கும் இவ்விடைமுகம் விரிவடையும்போது, ஏறு வழியும் இறங்கு வழிக்கு இணையாக வகுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.